அண்டாவின் மறு காது

பொன்னியம்மாள் பிறந்தது பீர்க்கன்கரணையில், ஏரிக்கரையை ஒட்டிய வீட்டில். அவள் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவளுக்கு எல்லாம் ஆண்பிள்ளைகள். இளையவளுக்குப் பிறந்த தலைப்பெண் இவள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அப்பா, பிறகு அண்ணன்மார், பிறகு பெரியம்மா, பிறகு சின்னஞ்சிறுசுகள். கடைசியில் பானையை வழித்துப் போட்டுக்கொண்டு அம்மாவும் இவளும் உட்காருவார்கள். அனகாபுத்தூரில் துரைராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்த வரிசையில் அவள் இடம் மாறவில்லை. மாமனார், மாமியார், புருஷன், கொழுந்தன் சம்பத், பிள்ளைகள் எல்லாரும் கை கழுவின பிறகு, குழம்பில் மிச்சம் எது மிதக்கிறதோ அதுதான் அவளுக்கு. அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. மழைக்காலத்தில் மழை வருகிற மாதிரி அதுவும் ஒரு நடப்பு, அவ்வளவுதான்.

இதை முன்னாடியே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் அவள் பிடித்த பிடிவாதத்தை வெறும் திமிர் என்று நினைத்துவிடுவீர்கள்.

துரைராஜின் அப்பா அடையாற்றங்கரையில் கீரைப் பாத்தி வைத்திருந்தவர். நிலம் மனைகளாகப் போனது. மிஞ்சியதில் துரைராஜ் வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். அந்த வீடுகளின் நடுவே பெரிய வாசல் ஒன்று இருந்தது. அங்கேதான் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவார்கள். கூழ் காய்ச்சப் போன பெண்கள் சேர்ந்து, 'விளக்கொளி மாதர் நற்பணி மன்றம்' என்று ஒரு பலகையை எழுதி மாட்டினார்கள். பொன்னியம்மாள் எப்படித் தலைவியானாள் என்று கேட்டால், வாசல் அவளுடையது, அண்டாக்களும் அவளுடையவை. வேறு தேர்தல் நடக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுக்குத் துணையாக வந்து கிடக்கும் ஜனங்களுக்கு மன்றத்துச் சோறு போகும். ஆறு பெருகின வருஷங்களில், மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்ட கரையோரத்து ஜனங்களுக்கும் போகும். நெசவுக்கார வீட்டுப் பெண்கள், மாதா கோயில் தெருப் பெண்கள், துரைராஜ் வீட்டுக் குடித்தனக்காரிகள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

மன்றம் தொடங்கின புதிதில் ஒரு மழை வருஷம், தக்காளிச் சாதத்தைச் சூட்டோடு பாலிதீன் பையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். பைக்குள் வேர்த்துச் சோறு கெட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் வாந்தியெடுத்தன. ஒரு பிள்ளையின் அப்பா, வாடிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"உன் புள்ளைக்கு குடுத்தியா இத? நீ துன்னியா? சொல்லு, நீ துன்னியா?"

பொன்னியம்மாள் அதைத் தின்றிருக்கவில்லை. அவள்தான் எங்கேயும் கடைசியில் தின்கிறவள் ஆயிற்றே. அந்தப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூடியிருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"இனிமே நான் துன்னாம ஒரு பருக்கை இந்த வாசல வுட்டுப் போவாது. வாந்தி வந்தா மொதல்ல எனக்கு வரட்டும்."

அன்றிலிருந்து அது சட்டமானது. சமையல் முடிந்ததும் பொன்னியம்மாள் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருவாள். அண்டாவின் அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாழையிலைத் துண்டில் வைப்பார்கள். ஒரு பருக்கை விடாமல் தின்பாள். தண்ணீர் குடிப்பாள். கொஞ்ச நேரம் வயிற்றைக் கவனிக்கிறவள் போல அப்படியே இருப்பாள். சுற்றிலும் நிற்கிற அத்தனை பெண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு, "எடுங்க" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் இரண்டு பேர் அண்டாவின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்குவார்கள்.

அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கெட்ட பேர் வரவில்லை. 'பொன்னியக்கா துன்ன சோறு' என்றால் ஆஸ்பத்திரி வாசலில் யோசிக்காமல் கை நீட்டினார்கள். சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிற நேரம் அவளுக்கு எப்படி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வாழ்நாளெல்லாம் வழித்த பானையைத் தின்றவள், அத்தனை பேர் நின்று பார்க்க, முதல் ஆளாகத் தின்றாள். வீட்டுக்குப் போனால் மறுபடியும் கடைசிதான்.

ஜீவிதா அந்த லைன் வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தவள். அவள் புருஷன் ஜெரோமுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை. அவள் பெருங்களத்தூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனி கேண்டீனில் மேற்பார்வை. ஊருக்குப் புதியவள் என்றும் சொல்ல முடியாது. மாதா கோயில் தெரு எட்மண்ட் இருக்கிறாரே, தோல் பதனிடும் ஷாப்பில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர், அவருடைய தம்பி மகள். மன்றத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வேலையெல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. கேட்டு வாங்கிக்கொண்டதல்ல. எங்கே ஆள் இல்லையோ அங்கே அவள் நிற்பாள். பொன்னியம்மாளுக்கும் அவளைப் பிடித்திருந்தது. "எனக்கு ஒரு பொண்ணு இல்லாத கொறைய இவ தீத்துட்டா" என்று ஓரகத்தி உதயாவிடமே சொல்லியிருக்கிறாள். உதயா என்பது சம்பத்தின் மனைவி. அவளுக்கு அது அவ்வளவாக ருசிக்கவில்லை.

பெருவெள்ளம் வந்த வருஷம் பொன்னியம்மாளின் வாசலே மூழ்கிப்போனது. மொட்டைமாடியில் சின்னச் சின்னக் குண்டான்களில் பொங்கி ஒப்பேற்றினார்கள். தண்ணீர் வடிந்து சுவரெல்லாம் காய்ந்த பிறகு கூடின கூட்டத்தில் ஜீவிதா எழுந்து பேசினாள்.

"அக்கா, ஆறு ஏறினா மொதல்ல உங்க வாசலுக்குத்தான் தண்ணி வருது. அடுப்பு, அண்டா எல்லாத்தையும் மாதா கோயில் கூடத்துக்கு மாத்திடலாம். அது மேடு. ஃபாதர்கிட்ட ஜெரோம் கேட்டுட்டாரு."

"மாத்து. நல்ல யோசனதான்."

"இன்னொண்ணுக்கா. மொதல்ல சாப்பிட்டுப் பாக்கறத, ஒருத்தர் மட்டும்னு இல்லாம, அன்னிக்கு யாரு சமைக்கறாங்களோ அவங்களே பாத்து அனுப்பலாம்னு வெச்சிடலாமே. எங்க கேண்டீன்லயும் அப்டித்தான்."

பொன்னியம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "ஏம்மா, என் வாயி இன்னும் என்கிட்டதான் கீது. லைன் வூடு மாதிரி வாடகைக்கு வுடல."

கூட்டமே சிரித்தது. உதயா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஜீவிதாவும் சிரித்தாள். ஆனாலும் விடவில்லை.

"அதுக்கில்லக்கா. ஒரு நாள் நீங்க வர முடியாம போச்சுன்னா?"

"நான் வர முடியாத அன்னிக்கு எனக்கு வாய்க்கரிசி போட்டுட்டு, அதுக்கப்புறம் பேசிக்கோ."

சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. வாய்க்கரிசி என்ற வார்த்தைக்குப் பிறகு யார் என்ன பேச முடியும்? ஜீவிதா கிட்டே வந்து, "மன்னிச்சிருங்கக்கா, நான் அப்டி நெனச்சிச் சொல்லல" என்றாள். "தெரியும் போ" என்று பொன்னியம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். அடுப்பு மேட்டுக்குப் போனது. சட்டம் அவளோடு இருந்தது. சமையல் நாளில் ஆட்டோ வந்து அவளைக் கூட்டிப்போகும் என்று ஏற்பாடு.

வீட்டுக்கு வந்ததும் துரைராஜ் கேட்டார். "அந்தப் பொண்ணு சொன்னது நாயந்தானே?"

"நாயந்தான்."

"அப்புறம் ஏன் அப்டி வாய அடைச்சே?"

அவள் அவருக்குச் சோறு போட்டாள்.

அதற்கப்புறம் சில வருஷங்கள் ஆறு அடங்கியே இருந்தது. ஜீவிதா மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொன்னியம்மாள் நினைத்திருந்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும், "இன்னிக்கு நீ துன்னு ஜீவிதா" என்று இலையை நகர்த்தியிருக்கலாம். இரண்டொரு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்ததும் உண்டு. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. முந்தின நாள் பிடித்த மழை விடவேயில்லை. கரையோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். மற்றப் பெண்கள் முந்தின ராத்திரியே கூடத்துக்குப் போய்விட்டார்கள். விடிவதற்கு முன்னாடியே அடுப்பு மூட்டி, தேங்காய் அரைத்துவிட்ட சாம்பார் சாதம் செய்வதாகப் பேச்சு. பொன்னியம்மாள் குளித்துக் கிளம்பித் தயாராக நின்றாள். ஆட்டோ வருவதற்கு முன்னால் ஆறு வந்துவிட்டது. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவளும் துரைராஜும் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் ஏறிக்கொண்டார்கள். செல்போன் செத்துக் கிடந்தது. தலைக்கு மேலே உறுமிக்கொண்டே இருக்கும் விமானங்களில் ஒன்றுகூட இல்லாமல் ஊர் செவிடாகிப்போன மாதிரி இருந்தது.

மாடியிலிருந்து பார்த்தால் மாதா கோயில் சிலுவை தெரியும். அதன் பக்கத்தில் கூடத்தின் கூரையும், மழைக்குள் மேலேறும் புகையும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் புகை நின்றது.

"சோறு ஆயிடுச்சி போல கீது" என்றார் துரைராஜ்.

"ஆயிருக்கும்."

"எட்த்துனு போயிருப்பாங்க."

பொன்னியம்மாள் சிரித்தாள். "நான் போவாம எடுப்பாளுங்களா? ஒருத்தி அண்டாவத் தொட மாட்டா." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தாள். 

உச்சிப்பொழுது சாய்ந்தது. துரைராஜ் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார். "பொன்னி, நீ சொன்னது மெய்யா இருந்தா, இஸ்கூல்ல கீற ஜனம் இன்னும் துன்னல."

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. எடுத்திருப்பார்கள், ஜீவிதா இருக்கிறாளே என்று நினைத்தாள். எடுத்திருக்கணும் தாயே, என் பேச்சை மீறியிருக்கணும் என்று வேண்டிக்கொண்டாள். கொட்டகையை விட்டு மழையில் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் பக்கம் பார்த்துக் கத்தினாள். "எடுங்கடி! எடுங்கடி!" காற்று அதைப் பக்கத்து மாடிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை.

பொழுது சாயப்போகிற நேரத்தில் ஆட்களை மீட்கிற மீனவர் படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. பொன்னியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறினாள்.

கூடத்துக்குள் அண்டாக்கள் மூடியபடியே வரிசையாக இருந்தன. பெண்கள் ஈரத்துணியோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொன்னியம்மாளைக் கண்டதும் உதயா ஓடிவந்தாள்.

"வந்துட்டியாக்கா! பயந்தே பூட்டோம். கவலப்படாத, ஒருத்தரையும் தொட வுடலக்கா நானு."

பொன்னியம்மாள் தட்டை விலக்கினாள். வாடையிலேயே தெரிந்தது. இருந்தாலும் ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். புளித்து நூல் விட்டிருந்தது.

காலையில் அங்கே நடந்தது இதுதான். ஆட்டோவும் வரவில்லை, போனும் போகவில்லை என்றானதும், ஜீவிதா தானே ஒரு கரண்டி சோற்றை இலையில் வைத்துத் தின்றாள். அக்கா வழக்கமாக உட்காருகிற அளவு நேரம் அவளும் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "நல்லா இருக்கு. எடுங்க" என்றாள். குனிந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதைப் பிடிக்க ஆள் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கும் வாய் கீதுன்னா ஆயிடுச்சா?" என்றாள் உதயா. "அக்கா துன்னாம எட்த்துனு போயி நாலு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நீ குடித்தனக்காரி. இன்னிக்கு இருப்ப, நாளைக்கு காலி பண்ணினு போவ."

ஜீவிதா ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டாள். தனக்குக் கூட்டாளி என்று நினைத்திருந்தவர்களும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தூக்குச்சட்டியில் அள்ளிக்கொண்டு தனியாகவே இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. கயிறு கட்டி நின்ற ஆட்கள் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். "தனியா வராதம்மா. நாலு பேரா கை கோத்துனு வாங்க, வுடறோம்." அந்த நாலு பேர்தான் அவளிடம் இல்லை. திரும்பி வந்து சுவரோரமாக உட்கார்ந்தவள், பொன்னியம்மாள் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

சோற்றைப் பின்பக்கம் ஓடின வெள்ளத்தில் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்து ஜனம் யாரோ கொண்டுவந்த பிஸ்கட்டைப் பங்கிட்டுத் தின்றது. தெருவின் பள்ளத்துக் கோடியில் வீடு என்பதால் எட்மண்டும் அங்கேதான் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். பிஸ்கட் வருவதற்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டார். கதவுப் பலகையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். பெரியப்பா விழுந்த சங்கதி ஜீவிதாவுக்குச் சாயங்காலந்தான் தெரிந்தது.

பொங்கல் கழிந்ததும் ஜீவிதா வீட்டைக் காலி செய்துகொண்டு அஸ்தினாபுரம் போனாள். சொல்லிக்கொள்ளாமல் போகவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வரேன்கா" என்றாள். பொன்னியம்மாள் சொல்ல நினைத்தது வேறு. "பாத்துப் போ, வண்டில பீரோ கண்ணாடி பத்திரம்" என்பதுதான் வாயிலிருந்து வந்தது. சாமான் ஏற்றின குட்டி யானை வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதா கோயில் தெருவில் ஒரு நாள் எட்மண்ட் எதிரே வந்தார். அவர் எப்போதும் கேலிக்காரர்.

"இன்னா பொன்னிமா, நீ துன்னுட்டு ஏப்பம் வுடறதுக்குள்ள நான் மேல போயி ஆண்டவர்கூடவே துன்னுருப்பேன் போல கீதே!"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். அவர் கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மறுநாளே குரோம்பேட்டைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, வழி கேட்டுக் கேட்டு ஜீவிதாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஜீவிதா அவளை ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, காபி போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னியம்மாள் டம்ளரை வாயில் வைக்கவேயில்லை.

"நீ வந்துடு ஜீவிதா. வூட்ட மாத்த வேணாம். மன்றத்துக்கு மட்டும் வா. தலைவியா நீ இரு. நீ துன்னு, நீ எடுன்னு சொல்லு. நான் பாத்திரம் தொலக்கினு கெடக்கறேன்."

ஜீவிதா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்கே சாப்ட்டேன்கா. எடுங்கன்னும் சொன்னேன்."

"தெரியும்மா. அதனாலதான் வந்தேன். இப்ப நான் சொல்றேன் அவளுங்ககிட்ட. ஜீவிதா பேச்சுதான் இனிமேன்னு சொல்றேன்."

"நீங்க சொல்லி அவங்க கேட்டா, அப்பவும் அது உங்க பேச்சுதானேக்கா?"

பொன்னியம்மாள், "என் மேல கோவமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கோவம்லாம் இல்ல. உங்க கையால எவ்ளோ சாப்ட்ருக்கேன். ஆனா ஒரு கை வரலியே, அத மட்டும் மறக்க முடியல. இங்க அக்கம்பக்கத்துல ஏதோ மன்றத்துல கூப்டாங்க. அதுக்கும் போவல." டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "காபி ஆறுதுக்கா. குடிங்க."

குடித்துவிட்டு வந்தாள். வரும்போது ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவள், "இன்னாமா அழறீங்க?" என்று கேட்கும் வரைக்கும் தான் அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். "இனிமே யாரு சமைக்கறாங்களோ அவங்க மொதல்ல துன்னணும். அவங்களே எடுத்துனு போவணும். எனக்காவ ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. இது நான் அன்னிக்கே செஞ்சிருக்க வேண்டியது. என் தப்பு."

"சரிக்கா" என்றார்கள் எல்லாரும். "நீ சொன்னா சரிதான்" என்றாள் உதயா.

அந்த மாதத்து முதல் ஞாயிறு எலுமிச்சம் சாதம். சமையல் முடிகிற நேரத்தில் பொன்னியம்மாள் வேண்டுமென்றே பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே உதயாவும் மற்றவர்களும் இலையில் வைத்துத் தின்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்தார்கள். பிறகு சத்தமே இல்லை. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். இன்னொரு தடவையும் அடித்தார். பொன்னியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

எல்லாரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவே பிளாஸ்டிக் முக்காலி போட்டிருந்தது.

"துன்னீங்களா?"

"துன்னோம்கா. நல்லா கீது."

"அப்புறம் இன்னாத்துக்கு நிக்கறீங்க? தூக்குங்க."

ஒருத்தியும் அசையவில்லை. பொன்னியம்மாள் தானே குனிந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். "புடிங்கடி அந்தப் பக்கம்" என்றாள். மறு காது சும்மா இருந்தது.

"அதில்லக்கா," என்றாள் உதயா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. "நாங்க துன்னது எங்களுக்கு. நீ வாய் வெக்கலியே இன்னும்."

பொன்னியம்மாள் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் எப்படிப் பழக்கினாளோ அப்படியே நின்றார்கள். வேன் மூன்றாவது தடவை ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இந்நேரம் வரிசை சேர்ந்திருக்கும். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

முக்காலியில் அவள் உட்காரவில்லை. நின்றபடியே ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றாள். விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எடுங்க" என்றாள்.

உடனே மறு காதில் நாலைந்து கைகள் ஒன்றாக வந்து விழுந்தன.